மறு: தலைப்பில் மூன்று ‘நுண்’ – மாற்றுச்சொல் தேவை

நண்பர்களே, பாடநூலின் இந்த இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு இப்போது ‘நுண்பொருள் பூசிய நுண் நுண்ணுயிர் எரிபொருள் கலம்’. பாக்டீரியா உணவை உண்ணும்போது விடும் எலக்ட்ரானை மின்னோட்டமாக்கும் கலம் இது. மூன்று ‘நுண்’ணும் மூன்று அளவு: மின்முனைமேல் பூசும் கார்பன் நானோகுழாயின் விட்டம் சில நானோமீட்டர், கலத்தின் அறை சில மைக்ரோலிட்டர், பாக்டீரியா 1–2 மைக்ரோமீட்டர். எப்படிப் பிரிப்பது?

---

தொல்காப்பிய உரியியல் நொசிவு, நுழைவு, நுணங்கு மூன்றுக்கும் நுண்மை என்றே பொருள் சொல்கிறது. நானோவுக்கு ‘நொசி’ கொள்ளலாம். நொசிதலுக்கு வளைதல் என்ற பொருளும் உண்டு. கார்பன் குழாய் வளையவும் செய்யும். நானோதுளைக்கு ‘நுழை’. சிறிதாக்குவதற்குக் ‘குறுக்கம்’: ஐகாரக் குறுக்கத்தில் மாத்திரை குறைந்தாலும் எழுத்து அதுவேதானே.

---

புலவர் ஐயா, ‘நுழை’ மட்டும் வேண்டாம். 50 நானோமீட்டர் துளைக்குள் பாக்டீரியா நுழையவே முடியாது. வாயு உறிஞ்சல் முறையில் அளந்த பரப்பு எத்தனை மடங்கோ, மின்னோட்டமும் அத்தனை மடங்கு என்று மாணவர்கள் கணக்குப் போடுவது இதனால்தான். உயிர்ப்படலம், அதாவது மின்முனையில் ஒட்டி வளரும் பாக்டீரியா அடுக்கு, வளரப் பல பத்து மைக்ரோமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் துளைவாய் அடைபடும். பாக்டீரியாவின் உணவான அசிடேட் உள்ளே போகாது, புரோட்டான் வெளியேறாது, அடிப்படலம் அமிலமேறிச் சோர்ந்துவிடும். ஆகவே இடைவெளிக்குக் கார்பன் துணி, அதன் இழைமேல் நானோகுழாய்ப் பூச்சு. செல்லின் வெளிச்சவ்வுப் புரதத்திடம் எலக்ட்ரானை வாங்குவதே பூச்சின் வேலை.

‘குறுக்க’த்தையும் ஏற்க முடியவில்லை. கலம் சிறுத்தால் குணமும் மாறுகிறது. மின்முனைகள் நெருங்குவதால் அகத்தடை இறங்கும், உண்மை. ஆனால் பருமனை விடப் பரப்பு ஓங்குவதால், சிலிகோன் ரப்பர் சுவர் வழியே கசியும் ஆக்சிஜனின் பங்கும் ஏறும். மின்முனைக்குப் போகவேண்டிய எலக்ட்ரானை அது பறித்துக்கொள்ளும். கண்ணாடிச் சுவர் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

---

எனக்கு ‘எரிபொருள்’தான் உறுத்துகிறது. இங்கே எதுவும் எரியவில்லை, பாக்டீரியா உண்கிறது. ‘இரைமின்கலம்’ என்றால் என்ன?

---

ஹைட்ரஜன் கலத்துக்கும் ‘எரிபொருள் கலம்’ என்றுதான் படித்து வருகிறார்கள். இதற்கு மட்டும் ‘இரை’ என்றால் இரண்டும் ஓரினம் என்பதே தெரியாமல் போகும்.

---

பெரும்பாலோர் கருத்துப்படி: ‘நானோபொருள் பூசிய குறு நுண்ணுயிர் எரிபொருள் கலம்’. ‘நொசி’ அடிக்குறிப்பில்.

---

அடிக்குறிப்பில் ஒதுக்கினால் எந்தச் சொல்லும் பழகாது. என் மறுப்பைப் பதிகிறேன். இன்னொன்று: வரைவில் ஆனோடை, அதாவது பாக்டீரியாவிடம் எலக்ட்ரான் வாங்கும் மின்முனையை, ‘நேர்மின்வாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மின்பகுப்பில் அது சரி. இந்தக் கலத்தில் ஆனோடு எதிர்முனை. அந்தப் பெயரை நம்பி மின்னழுத்தமானியை இணைத்தால் அளவு எதிர்க்குறியில் வரும். அச்சுக்கு முன் எல்லா இடத்திலும் ‘ஆனோடு’ என்றே மாற்றுங்கள்.