மறு: ‘எதிர்ப்புத்திறன்’ வேண்டாம், ‘மசியாமை’ சரிவருமா?

வணக்கம். மருந்து கொடுத்தும் கிருமி சாகாமல் தாக்குப்பிடிப்பதை (antimicrobial resistance) ‘நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்புத்திறன்’ என்கிறோம்; அதற்குப் பதில் ‘மசியாமை’ என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. பழைய சொல்லில் இலக்கணக் குறை ஒன்றும் இல்லை, நீளம்கூடப் பரவாயில்லை, என் சிக்கல் வேறு. ஆய்வகத்தில் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்ப்பவன் நான். ஐசியூவில் ரத்தத்தில் கிருமி பரவிக் கிடந்த ஒரு பெரியவரின் மகனிடம் டூட்டி டாக்டர் “பத்து மருந்துக்கு எதிர்ப்பு இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அந்த மகன் நேரே என்னிடம் வந்து, “அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குன்னுதானே சார்?” என்கிறார். கபசுரக் குடிநீர் குடித்த 2020க்கு அப்புறம் ‘எதிர்ப்பு’ என்றாலே நம் ஆட்களுக்கு நல்ல சேதிதான்!

அன்று கிருமி வளர்க்கும் தட்டில் நான் பார்த்தது இது: மெரோபெனம் என்ற மருந்து தோய்ந்த வில்லை 6 மி.மீ., அதைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் இருக்கவேண்டும், கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு அந்த வட்டத்தின் விட்டம் 19 மி.மீ.யோ அதற்குக் கீழோ போனால் அந்த மருந்து உதவாது என்று எழுதிவிடுவோம். இங்கே வட்டமே இல்லை, வில்லையின் விளிம்பு வரை மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது.

இதற்கு ஊர்ப்பேச்சில் “எந்த மருந்துக்கும் கேட்கல” என்போம். ஆனால் ‘கேளாமை’ காதுக்குப் போய்விட்டது. அதனால்தான் ‘மசியாமை’. மருந்துக்கு மசியாக் கிருமி, பன்மருந்து மசியாமை. மசியாதது கிருமிதான், நோயாளி இல்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது. கீரை மசியல் ஞாபகம் வருகிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எவ்வளவு கடைந்தும் மசியாத பருப்பும் இதே ஜாதிதான்.

ஊர்ப்பெயர் மட்டும் எதிலும் வேண்டாம். 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்ட, கார்பாபெனம் மருந்துகளை (மெரோபெனமும் இந்த வகைதான்) வெட்டிப்போடும் கிருமி நொதிக்கு ‘நியூ டெல்லி’ என்று பெயர் வைத்ததற்கு 2010இல் இங்கே எவ்வளவு சண்டை.

ஒரு இடத்தில் நானே முட்டி நிற்கிறேன். அறிக்கையில் எஸ், ஐ, ஆர் என்று மூன்று எழுத்து வரும். எஸ் ‘மசியும்’, ஆர் ‘மசியாது’. நடுவில் உள்ள ‘ஐ’க்கு, கூடுதல் அளவு கொடுத்தால் மசியும் என்று 2019 முதல் ஐரோப்பியர்கள் பொருள் சொல்கிறார்கள். ‘இடைநிலை’ என்றால் அது வரவே இல்லை. ‘அரைமசிவு’ எனக்கே பிடிக்கவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?