12 வயதுப் பையன் ரோமில் ரதம் ஓட்டுவதாகக் கதை எழுதலாமா?

கேள்வி:
பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் ரோமின் ரதப் பந்தய மைதானமான சர்க்கஸ் மாக்சிமஸ், காலம் கி.பி. 120. நாயகன் குதிரை லாயத்தில் வேலை செய்யும் அடிமைச் சிறுவன், 12 வயது, கடைசியில் அவனே பந்தயத்தில் ஓட்டி ஜெயிக்கிறான். முதல் நான்கு அத்தியாயங்களை அக்கா மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்த வயசுல அவனை யார் சித்தி ஓட்ட விடுவாங்க?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய சிக்கல், நான் தேர் என்று எழுதியிருந்ததால் அவள் மனதில் ஓடியது நாம் வடம் பிடித்து இழுக்கும் கோயில் தேர்! இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிரெஸ்கென்ஸ் என்று ஒரு ஓட்டுநர், வட ஆப்பிரிக்காவின் மூர் இனத்தவர், நீலம், வெள்ளை என்று நிறத்தால் பெயர் பெற்ற பந்தய அணிகளில் நீல அணிக்காக ஓட்டியவர். அவருடைய கல்வெட்டில் முதல் வெற்றி கி.பி. 115, கடைசி வெற்றி 124, வயது 22 என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் நான்கு குதிரை ரதத்தில் முதலில் ஜெயித்தபோது 13 வயதுதான். மொத்தம் 686 பந்தயங்கள், 47 வெற்றிகள். உங்கள் கதை நடக்கும் வருஷத்தில் அவர் அதே மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார், கதைக்குள் கொண்டுவாருங்கள்.

ஃப்ளோரஸ் என்ற சிறுவனின் கல்லறை வாசகமும் இருக்கிறது. இரட்டைக் குதிரை ரதம் ஓட்டிய குழந்தை நான், வேகமாக ஓட்ட ஆசைப்பட்டேன், வேகமாகவே இருளுக்குள் விழுந்துவிட்டேன் என்று அவனே சொல்வது போல எழுதியிருப்பார்கள். ஒரு பிள்ளையின் சாவை இத்தனை சின்ன வாசகத்தில் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது.

பதில் 2:
தேர் வேண்டாம், ரதம் என்றே எழுதுங்கள். அந்தச் சொல் மட்டும் போதாது, முதல் பக்கத்திலேயே அதன் எடையைக் காட்டிவிடுங்கள். ஒரே ஆள் நிற்க இடமுள்ள, தாழ்வான, லேசான இரண்டு சக்கர வண்டி அது, சக்கரம் எதிலாவது தட்டினாலே தூக்கி எறிந்துவிடும். ஓட்டுநர் கடிவாள வார்களை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வார், கவிழ்ந்தால் குதிரைகள் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடும், அதனால் வாரை அறுக்க வளைந்த கத்தி ஒன்றைக் கூடவே வைத்திருப்பார். ரதங்கள் மோதி நொறுங்குவதை அவர்கள் கப்பல் உடைவது என்று பொருள்படும் சொல்லால்தான் சொன்னார்கள்.

இன்னொன்று, லாயத்துப் பையனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். நுகத்தில் பூட்டுவது நடுவில் உள்ள இரண்டு குதிரைகளை மட்டும், ஓரத்தில் ஓடும் இரண்டுக்கும் வெறும் வார்தான். ஏழு சுற்றிலும் திருப்பங்கள் எல்லாம் இடது பக்கம், ஆகவே திருப்பத்தில் நட்டிருக்கும் கம்பத்தை ஒட்டித் திரும்பும்போது எல்லாமே இடது ஓரக் குதிரையின் கையில்தான்.

பதில் 3:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 13 வயதில் ஜெயித்த பையன் இருந்தான் என்பது சரி, ஆனால் அதற்குப் பின்னால் பயிற்சி இருந்திருக்கும். லாயத்துப் பையன் ஒரே நாளில் ரதமேறி ஜெயித்தால் உங்கள் அக்கா மகள் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய ஒரு சம்பவம் உங்களுக்கு உதவும். கி.பி. 47இல் கிளாடியஸ் பேரரசர் நடத்திய விழாவில் வெள்ளை அணியின் ஓட்டுநர் கோராக்ஸ் தொடக்கத்திலேயே கீழே விழுந்துவிட்டார். குதிரைகள் நிற்கவில்லை, ஓட்டுநர் இல்லாமலே மற்ற ரதங்களை மறித்து, முந்தி, முடிவுக் கோட்டைத் தாண்டி, அங்கே தாமாகவே நின்றன. அப்படிப்பட்ட குதிரைகளைப் பழக்கியது உங்கள் சிறுவன் என்றால்?

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பதில் 3ஐப் படித்ததும் கடைசி அத்தியாயம் முழுசாகக் கண்முன் வந்துவிட்டது. அவன் ரதத்தில் ஏறப்போவதில்லை, வாசலில் நின்று பார்க்கப்போகிறான். முதல் அத்தியாயத்தைத் திருத்த இன்று ராத்திரியே உட்காருகிறேன், முதல் வேலை இடது ஓரக் குதிரைக்கு ஒரு பெயர் வைப்பது.