பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை

கிழக்கிலங்கை, காரைதீவிலிருந்து:

பிறருக்குக் கொடுப்பது பற்றிய இந்தப் பேச்சில் கோயில் அன்னதானம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் சம்மாந்துறைப் பக்கம் வயலில் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் காணிக்கு அடுத்தது ஒரு முஸ்லிம் காக்காவுடையது (அண்ணனை இங்கே முஸ்லிம்கள் காக்கா என்பார்கள்). பெரும்போக வெள்ளாமை வெட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நெல் வியாபாரியின் லொறி வந்து நிற்கிறது. வெட்டு மெஷின் கூலி, உரக்கடைக் கடன் எல்லாம் காத்திருக்கிறது. அவரோ முதல் வேலையாகப் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை என்று எண்ணித் தனியாக அடுக்கினார். விளைச்சலுக்கான ஸகாத் அது, வசதியுள்ள முஸ்லிம்கள் ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கு. மழையை நம்பிச் செய்த வயலென்றால் பத்தில் ஒன்று, காசு செலவழித்துத் தண்ணீர் இறைத்தால் இருபதில் ஒன்று. விளைச்சல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் கடமையே இல்லை. சேமித்த பணத்துக்கு ஒரு வருஷம் கழிந்த பிறகு 2.5 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நெல்லுக்கு அந்த வருஷத் தவணை கிடையாது, அறுவடையோடு கொடுத்துவிட வேண்டும்.

“இவ்வளவையும் தூக்கிக் கொடுக்க மனம் வருதா காக்கா?” என்று கேட்டேன்.

“இது எங்கட நெல்லு இல்ல புள்ள. அவங்கட பங்கு எங்கட வயல்ல விளைஞ்சிருக்கு” என்றார்.

மூட்டைகளை மகன் இருட்டிய பிறகுதான் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோவார். யாரையும் வாசலுக்கு வரவழைப்பதில்லை. வாங்குகிறவர்களில் கணவனை இழந்த ஒரு தாயும் உண்டு. வீதியில் கண்டால், “இந்தமுறை விளைச்சல் எப்படி காக்கா?” என்று பங்காளி கேட்பது போலக் கேட்பார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கேள்விதான். இரக்கப்பட்டுக் கொடுத்ததை வாங்கியவரால் அப்படிக் கேட்க முடியாது. கொடுக்கிறவர் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல் அளவும் நாளும் முன்பே முடிவாகி இருப்பதால்தான் அந்தத் தாய்க்குக் குனிய வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இதே போல ஒன்று இருந்தது, பிடியரிசி. அம்மம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவா. நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதில்லை. பானை நிறைந்தால் கோயிலுக்கோ, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லத்துக்கோ போகும். தமிழறிஞரும் கல்விப் பணி செய்தவருமான விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் என்பதால் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதும் எங்களுக்குக் கோயில் காரியம் மாதிரித்தான்.

கல்லடியிலிருந்து:

அக்கா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எந்தக் கணக்கும் இருக்கவில்லை. கடல் வந்து போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அப்போது நான் சின்னப் பையன். முதலில் வந்தது சோறு. யார் சமைத்தது, எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம்தான் லொறி லொறியாக உடுப்பு. குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டைகள் வகுப்பறை மூலையில் மலையாகக் கிடந்தன. பெண்களுக்கு உள்ளாடை இல்லை, மாற்றிக் கட்ட ஒரு சீலை இல்லை. ஒரு பார்சலை நான்கு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மாவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவ இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச மாட்டா.

காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் மட்டும் கையில் கொப்பியோடு வந்தார். சமைக்கிற இடத்தில் நின்று பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அடுத்த நாள் சாறம், சீலை, பெரிய சட்டி, அகப்பை, நுளம்புத்திரி எல்லாம் வந்தது. தன் வீட்டுப் பெண்களையும் கூட்டிவந்திருந்தார், ஆண்களிடம் சொல்ல முடியாததை எங்கள் பெண்கள் அவர்களிடம் சொன்னார்கள். கணக்கு என்றால் நான் அந்தக் கொப்பியைத்தான் சொல்வேன்.

திருக்கோவிலிலிருந்து:

கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள், சிலர் யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வருகிறவர்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்போம். பொத்துவில் பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் தண்ணீரும் பழச்சாறும் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இங்கே பத்தில் ஒன்று என்ற பேச்சு இல்லை, இருக்கிறதைக் கொடுப்பதுதான். ஆனாலும் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைக் கல்லடித் தம்பி சரியாகச் சொன்னார். வழியெல்லாம் சோறு, சோறு, சோறு. ஒரு வயதான அம்மா என்னிடம், “சாப்பாடு போதும் மகன், கால் வெடிப்புக்குப் பூச ஏதும் இருக்கா?” என்று கேட்டா. அதிலிருந்து எங்கள் பந்தலில் தேங்காய் எண்ணெயும் துணிக்கட்டும் வைக்கிறோம். ஒரு வாளியில் சுடுதண்ணீரும்.

காட்டு வழி தொடங்குமுன் வரும் உகந்தை முருகன் கோயிலில் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அதற்கு அப்பால் குமண, யால காடுதான், நாட்கணக்கில் நடக்க வேண்டும். சோற்றுப் பார்சல் பழுதாகிவிடும். அவல், பேரீச்சம்பழம், சர்க்கரை கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலைவிடத் தண்ணீர் நிரப்பித் தோளில் போடக்கூடிய கேன் நல்லது, காட்டில் பிளாஸ்டிக்கும் சேராது.