கானாடுகாத்தான் வீடா, மதுரை மண்டபமா? போட்டோவுக்காக இடத்தை மாற்றலாமா?

வைகைக்கரை மாப்பிள்ளை:
தை மாதம் எனக்குக் கல்யாணம். இரண்டு வீடும் மதுரைதான், வருகிறவர்கள் 600 பேருக்குக் குறையாது. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஊருக்குள் ஒரு ஏசி மண்டபம். பார்க்கிங், டைனிங் ஹால் எல்லாம் பக்கா. ஆனால் ஹாலில் பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை, சீலிங் முழுக்கத் தங்கக் கலர் பெயிண்ட். இன்னொன்று, கானாடுகாத்தானில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு செட்டிநாட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, தேக்குத் தூண், ஆத்தங்குடி ஓடு பதித்த தரை என்று பார்த்ததுமே எனக்கும் அவளுக்கும் மனசு அங்கே ஒட்டிக்கொண்டது. போட்டோகிராபரும் "அங்கே வச்சா ஆல்பம் வேற லெவல்" என்கிறார். பெரியவர்கள் மண்டபம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. காலை 4.30–6, 7.30–9 இரண்டில் எது வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். போட்டோவுக்காக ஊரையே மாற்றுவது அதிகப்படியா?

தெற்குமாசி அக்கா:
அதிகப்படிதான் தம்பி. மதுரையிலிருந்து கானாடுகாத்தான் நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். ஏழரை முகூர்த்தத்துக்கு நாலரைக்கே பஸ் ஏற வேண்டும். அந்த வீடுகளில் வாசலில் உயரமான படி, உள்ளே கட்டுக்குக் கட்டு, அதாவது பகுதிக்குப் பகுதி, ஒரு நிலைப்படி. முட்டிவலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? பாத்ரூம் எத்தனை என்று கேட்டீர்களா? வர முடியாமல் போன பெரியப்பா எந்த ஆல்பத்திலும் இருக்கமாட்டார், அதை மட்டும் யோசியுங்கள்.

வளவு வெறியன்:
அக்கா, வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டுப் போகிறவர்கள். அதை மதுரையில் வைத்துக்கொள்ளட்டும். தாலி கட்டும்போது உண்மையில் நிற்கப்போவது நெருங்கின சொந்தம்தான். அவர்களுக்காக நல்ல இடம் பார்ப்பதில் என்ன தப்பு? எந்த மண்டபத்துக்குப் போனாலும் அதே சோபா, அதே பிளாஸ்டிக் பூ. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாற்றி ஒட்டினால்கூட யாருக்கும் தெரியாது. அந்த வீடுகளை நகரத்தார் கட்டியதே கல்யாணம் காட்சிக்காகவும்தான். கல்யாணக் கொட்டகை என்றே ஒரு பகுதி பல வீடுகளில் உண்டு.

தெற்குமாசி அக்கா:
அவர்கள் கட்டியது அவர்கள் சொந்தபந்தத்துக்கு. பங்காளி வீடெல்லாம் பக்கத்துத் தெரு, கல்யாணமும் நாள் கணக்கில் நடந்தது. வந்தவர்கள் அங்கேயே படுத்து எழுந்தார்கள். இந்தத் தம்பியின் சொந்தம் செல்லூரிலும் திருநகரிலும் இருக்கிறது.

மூணாம் முடிச்சு:
கல்யாணப் போட்டோ எடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தம்பியின் போட்டோகிராபர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இடத்தை அப்புறம் பாருங்கள், முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

தை மாதம் நம் பக்கம் சூரியன் வரவே ஆறரை ஆகிவிடும். 4.30–6 வைத்தால் வளவும் இருட்டு, மண்டபமும் இருட்டு. சொல்லப்போனால் வளவு இன்னும் மோசம். மண்டபத்திலாவது மேலே சீலிங் இருக்கிறது, ஃபிளாஷை அதில் அடித்து வெளிச்சத்தைப் பரவலாக இறக்கலாம். வளவில் மேலே வானம். சுற்றிலும் இருக்கும் கறுத்த தேக்கு, போடுகிற வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிடும். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி எடுக்கிற படத்தில் நீங்கள் ஆசைப்பட்ட தூண் ஒன்றும் தெரியாது.

அதே வளவில் 7.30–9 என்றால் கதையே வேறு. வெயில் தரைக்கு இறங்கியிருக்காது, கிழக்குப் பக்கத்துக் கூரை மறைத்துக்கொள்ளும். வானத்து வெளிச்சம் மட்டும் மேலிருந்து மெதுவாக விழும். பட்டுச் சரிகை அடிக்காது, கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. பத்து மணிக்கு மேல் போனால் தரையில் பாதி வெயில், பாதி நிழல். மாப்பிள்ளை வெள்ளையாகவும் பெண் கறுப்பாகவும் வருவார்கள், அப்புறம் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

மண்டபத்துத் தங்கச் சீலிங்கும் பிரச்சினைதான். ஃபிளாஷை அதில் அடித்தால் வெளிச்சம் மஞ்சளாகத் திரும்பி வரும், மொத்தக் குடும்பமும் காமாலை வந்த மாதிரி இருக்கும். சீலிங் வெள்ளையா என்று பார்த்து மண்டபம் பிடிக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்தது, யாருமே கேட்காதது. மணவறைக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது? மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டதும் மீதியை நாத்தனார் பின்னால் நின்று போடுவார். டெக்கரேஷன்காரர் பேக்டிராப்பை முதுகோடு ஒட்டி வைத்துவிட்டால் நாத்தனாருக்கு நிற்க இடம் இருக்காது. பக்கவாட்டில் வந்து கையை நீட்டுவார், அவர் முழங்கை சரியாகப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கெட்டிமேளம், அட்சதை, எல்லாம். திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா? நாலடி விடச் சொல்லுங்கள். அரண்மனையில் கல்யாணம் வைத்தாலும் இதே கதைதான்.

பின்வரிசைப் பெரியசாமி:
போட்டோகிராபர் அண்ணன் எல்லாம் சொன்னார், ஒன்றைச் சொல்லவில்லை. கல்யாணம் பார்க்க வந்த எங்களுக்குத் தெரிவது நாலு முதுகு, ஒரு கிம்பல் (வீடியோ ஆடாமலிருக்க கேமராவை மாட்டும் பிடி), இரண்டு லைட் ஸ்டாண்டு. கெட்டிமேளம் கேட்டதும் உத்தேசமாக ஒரு திசை பார்த்து அட்சதையைப் போடுகிறோம், அது உங்கள் அசிஸ்டண்ட் தலையில் விழுகிறது. மண்டபத்திலாவது மேடை மூன்றடி உயரம். வளவில் எல்லோரும் ஒரே தரை. முன்னால் ஒரு நூறு பேர் உட்காரலாம், மீதிப் பேர் தூணுக்குப் பின்னால். பிறகு அடுத்த கட்டில் டிவி வைத்து லைவ் காட்டுவீர்கள். அதை நான் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மாட்டேனா?

மூணாம் முடிச்சு:
முதுகு விஷயத்தில் மறுப்பு இல்லை. ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தால் லைட் ஸ்டாண்டும் அதைப் பிடிக்கிற ஆளும் தேவைப்படாது, ஓரமாக நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 70-200 லென்ஸிலேயே எடுத்துவிடலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

சாவிக்கொத்து:
ஒரு மண்டபத்தில் மேனேஜராக இருக்கிறேன். எங்களைத் திட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னல் வைத்தால் ஏசி நிற்காது, "புழுங்குது" என்று முதலில் கத்துவது மாப்பிள்ளை வீட்டார். பிங்க் லைட், நீல லைட், எல்இடி திரை எல்லாம் வேண்டும் என்று கேட்பதும் நீங்கள்தான். பிறகு படத்தில் பெண்ணின் கன்னம் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறது, குறுக்கே கோடு கோடாக விழுகிறது என்று என் ஆபீசுக்கு வருவதும் நீங்கள்தான்.

மூணாம் முடிச்சு:
கோடு விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பின்னால் இருக்கிற பெரிய திரை வேறு கணக்கில் மினுங்கும். முகூர்த்த நேரத்தில் அதையும் கலர் லைட்டையும் அணைத்துவிட்டால் போதும். அணைக்கக் காசு கேட்க மாட்டீர்களே சார்?

சாவிக்கொத்து:
அணைக்க நான் ரெடி. பெண்ணின் அப்பா "காசு கொடுத்திருக்கோம், போடு" என்பார்.

வைகைக்கரை மாப்பிள்ளை:
டிரோன் ஷாட் பற்றி யாராவது சொல்லுங்கள். போட்டோகிராபர் பேக்கேஜில் சேர்த்திருக்கிறார்.

மூணாம் முடிச்சு:
மண்டபம் அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் என்றால் மறந்துவிடுங்கள், விமான நிலையத்தை ஒட்டிய இடம். 2021 டிரோன் விதிகளின்படி எந்த இடத்துக்கு அனுமதி வேண்டும் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கலாம். மற்றபடி மண்டபத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மேலிருந்து எடுத்து ஆல்பத்தில் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் காசுக்கு இன்னொரு ஆளை வைத்து அம்மா அப்பா முகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

தெற்குமாசி அக்கா:
இதற்கு ஏன் இத்தனை பேச்சு? கல்யாணத்தை மண்டபத்தில் முடித்துவிட்டு, இன்னொரு நாள் இரண்டு பேரும் அதே பட்டைக் கட்டிக்கொண்டு கானாடுகாத்தான் போய் எடுத்துக்கொள்ளட்டுமே.

வளவு வெறியன்:
அது ஷூட்டிங், கல்யாணம் இல்லை. தூணில் சாய்ந்து சிரிக்கச் சொல்வார், சிரிப்பார்கள். தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கை நடுங்குமே, அது அந்த இன்னொரு நாளில் வருமா?

தெற்குமாசி அக்கா:
மண்டபத்தில் வைத்தாலும் நடுங்கும். மகளைக் கொடுக்கிறவர் சீலிங் பார்த்தா அழுகிறார்?

வைகைக்கரை மாப்பிள்ளை:
இதைப் படித்துவிட்டு இன்று மண்டபத்துக்குப் போன் போட்டேன். முதல் மாடியில் மினி ஹால் ஒன்று இருக்கிறதாம். கிழக்கே வரிசையாக ஜன்னல், வெள்ளைச் சீலிங். ஆனால் 200 பேர்தான் பிடிக்கும்.

மூணாம் முடிச்சு:
கிழக்கு ஜன்னல் என்றால் விடாதீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கு பார்த்துத்தானே உட்காருவார்கள், வெளிச்சம் நேராக முகத்துக்கு வரும். ஏழரை வெயில் கண்ணைக் கூசும், ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். கலர் துணி கட்டினால் முகமும் அந்தக் கலரில்தான் வரும்.

சாவிக்கொத்து:
ஹோமம் உண்டா என்று முதலில் கேளுங்கள். எங்கள் மண்டபத்தில் மாடியில் ஹோமத்துக்கு அனுமதி கிடையாது, புகை அலாரம் அடித்துவிடும். நிறைய இடத்தில் இதே விதிதான்.

வளவு வெறியன்:
பாருங்கள், கடைசியில் அக்னிக்கே அனுமதி இல்லை. வளவில் புகை வானத்துக்குப் போகும்.

பின்வரிசைப் பெரியசாமி:
600 பேரைக் கூப்பிட்டு 200 பேருக்கு நாற்காலி. மீதி 400 பேருக்குக் கீழே டிவியா?

வைகைக்கரை மாப்பிள்ளை:
காலையில் அவ்வளவு பேர் வரமாட்டார்கள் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எப்படியானாலும் முகூர்த்தம் 7.30–9 என்று ஜோசியரிடம் சொல்லியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குப் போட்டோகிராபரையும் அழைத்துக்கொண்டு மினி ஹாலில் நின்று பார்க்கிறேன், ஹோமம் பற்றியும் கேட்கிறேன். சரியில்லை என்றால் அங்கிருந்து நேராகக் கானாடுகாத்தான்.

தெற்குமாசி அக்கா:
போகிறபோது சமையல்காரரையும் கூட்டிப் போ. ஏழரை முகூர்த்தத்துக்கு ஆறு மணியிலிருந்தே ஆள் வரும். மாடிக்குக் காபி எப்படி வரும் என்று அவர் சொல்லட்டும்.