டி4 நார்மல், டி.எஸ்.எச் மட்டும் 11: அம்மாவுக்கு ஏன் மாத்திரை?

நெல்லைப்பையன்:
அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச் 11.2, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 1.0 (0.8–1.8க்குள் இருந்தால் நார்மலாம்). டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். தைராய்டு அதிகம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், டாக்டரோ குறைவு என்கிறார். டி4 சரியாக இருக்கும்போது மாத்திரை எதற்கு? ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா? பத்து நாளில் இன்னொரு டெஸ்ட் எடுத்தால் என்ன?

லேப்_அக்கா:
தம்பி, டி.எஸ்.எச்சைச் சுரப்பது தைராய்டே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவதாக அதற்குத் தெரிந்தால், "இன்னும் சுர" என்று விரட்டத்தான் டி.எஸ்.எச்சைக் கூட்டுகிறது. ஹார்மோன் போதும் என்றால் அதுவே குறைத்துக்கொள்ளும். அதனால் 11 என்பது விரட்டலின் அளவு. பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள்.

டி4 நார்மல் என்றீர்களே, 0.8–1.8 என்பது ஊருக்கெல்லாம் போட்ட எல்லை. ஒருவருக்கு வழக்கமாக இருக்கும் அளவு அதற்குள் சின்ன இடத்தில்தான் ஏறி இறங்கும். அம்மாவுக்கு முன்பு 1.4 இருந்திருந்தால் 1.0 குறைவுதான். பேப்பரைப் பார்த்து நமக்குத் தெரியாது, பிட்யூட்டரிக்குத் தெரிகிறது. டி4 கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.எச் பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் தைராய்டு ஸ்லைடு பார்த்தால் அசந்துபோவீர்கள். குட்டிக் குட்டி வட்ட அறைகள், நடுவில் ரோஸ் நிறக் கூழ். ரத்தத்திலிருந்து இழுத்த அயோடினை தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் ஒட்டி அங்கேதான் சேமிக்கிறது. அதை ஒட்டுவது டி.பி.ஓ என்ற என்சைம். நாலு அயோடின் சேர்ந்தால் டி4, மூன்று என்றால் டி3. டி.எஸ்.எச் விரட்டும்போது செல்கள் கூழை விழுங்கி, உடைத்து, ஹார்மோனை ரத்தத்தில் விடும். ரொம்ப வேகமாக வேலை செய்யும் சுரப்பியில் கூழின் ஓரம் பூச்சி அரித்த இலைபோல் இருக்கும். சும்மா இருக்கும் சுரப்பியில் கூழ் அறை முழுக்க நிறைந்து நிற்கும். இரண்டு மூன்று மாதத்துக்கான கையிருப்பு அதிலேயே உண்டு. மற்ற சுரப்பிகள் இவ்வளவு சேர்த்து வைப்பதில்லை.

ஆறு வாரக் கணக்கும் இப்படித்தான். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். தினமும் மாத்திரை போட்டாலும் அளவு ஒரு நிலைக்கு வர ஐந்து வாரம் போல ஆகும், அதற்கப்புறம்தான் டி.எஸ்.எச் அடங்கும். பத்து நாளில் எடுத்தால் பாதி வழியில் ஒரு எண் வரும், அதை வைத்து டோஸைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. காசு மிச்சம்!

மாத்திரையில் இருப்பது டி4தான். உடம்புக்கு உழைக்கும் டி3யை ஈரலும் மற்ற உறுப்புகளும் அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். அம்மா எதோடு போடுகிறார்கள்?

நெல்லைப்பையன்:
காலையில் ஃபில்டர் காபியோடுதான், அக்கா. கூடவே கால்சியம் மாத்திரை.

லேப்_அக்கா:
ஐயோ! வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்துக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது.

கடலோரம்:
இந்துப்புக்கு மாறியதால்தான் இப்படி வந்திருக்கும். அயோடின் சொட்டு மருந்து கொடுங்கள், மாத்திரையே வேண்டாம்.

லேப்_அக்கா:
இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை, உண்மைதான். சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள், பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆனால் சொட்டு மருந்து வேண்டாம். அயோடின் ஒரேயடியாக ஏறினால் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும், ஏற்கெனவே பழுதான சுரப்பி அதிலிருந்து மீளாமலும் போகலாம். இந்த வயதில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஹஷிமோட்டோதான், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. தம்பி, அடுத்த முறை போகும்போது ஆன்டி டி.பி.ஓ டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மேலே சொன்ன என்சைமுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் அதில் பார்ப்பார்கள்.