பாங்காக் வேலை: தம்பியை எப்படி நிறுத்துவது?

சித்தி பையனுக்கு டெலிகிராமில் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை வந்திருக்கிறது. மாதம் 80,000 ரூபாயாம், தங்குமிடம் இலவசமாம். இன்டர்வியூ பத்து நிமிட சாட்டோடு சரி. டைப்பிங் வேகம் மட்டும் கேட்டார்களாம். "டூரிஸ்டாக வந்து இறங்கு, ஒர்க் பர்மிட் அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2022-இல் இப்படிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்களே! சொன்னால், "உனக்குப் பொறாமைண்ணா" என்கிறான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்கள் பதிவு செய்யும் மத்திய அரசுத் தளம் இமைக்ரேட். ஏஜென்ட்டிடம் அதன் பதிவு எண் கேட்டேன். பதிலே இல்லை. அந்தத் தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடிப் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். மியாவாடிக்குப் போய்த் திரும்பியவர் யாராவது அவனிடம் ஒரு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை டிக்கெட்.