மறுமொழி: வாசிகசாலை மீன்தொட்டிக்குத் திரும்பவும் காசு

பெரியவளவு அக்கா (லண்டன்):

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமைதான் ஊரால வந்தனான். வாசிகசாலை மீன்தொட்டி வெடிச்சுப்போச்சு, திரும்பப் பூசவும் புது மோட்டர் வாங்கவும் 1,40,000 ரூபா வேணும் எண்டு எங்கட சங்கத் தலைவர் எழுதியிருக்கிறார். காசு சேர்க்க முதல் நான் கண்டதைச் சொல்லுறன்.

காலமை ஆறரைக்குப் பேப்பர் பார்க்கப் போனனான். தொட்டிக்குள்ள கணுக்காலுக்கும் தண்ணியில்லை. மோட்டர் மட்டும் உறுமிக்கொண்டு நிக்குது. மோட்டரில இருந்து, தண்ணியை வடிகட்டிற பில்டர் பரலுக்குப் போற குழாய் கழண்டு வாழையடியில கிடந்தது. வாழை நல்ல செழிப்பு. தொட்டியில ஒரு வெடிப்பும் நான் காணேல்லை. ரெண்டு பெடியள் வாளியால கிணத்துத் தண்ணி ஊத்தி, தப்பினது ஏழு மீன்.

சங்கக்கடை மாமா (ரொறன்ரோ):

பிள்ளை போய்ப் பார்த்தது நல்லது. 2018 கணக்கில ‘ட்ரிப் சுவிட்ச்’, அதுதான் கரண்ட் ஒழுகினா உடன வெட்டிற சுவிட்ச், எண்டு 8,500 ரூபா எழுதிக் கிடக்கு. கரண்ட் போர்ட்டில அப்பிடி ஒண்டு கண்டனியோ? அந்தப் பில்லைக் கேட்டு நான் எத்தினை மடல் போட்டன். அது வரும்வரைக்கும் என்னட்டை இருந்து ஒரு சதமும் போகாது.

வடக்கு ஒழுங்கைத் தம்பி (மெல்பேர்ண்):

அக்கா, இது என்ர பின்வளவிலயும் நடந்தது. ஒரே இரவில என்ர கோல்ட் பிஷ் முழுக்கப் போச்சு.

தொட்டி பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டடி ஆழம். கிட்டத்தட்ட 3,400 லீற்றர். மோட்டர் மணிக்கு 2,000 லீற்றர் அடிக்கிறது. குழாய் கழண்டா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அடிதட்டும். ஆர் முழிச்சிருந்து பார்க்கிறது?

ஊரில மேல்தாங்கிக்குப் போடுற அதே மிதவைச் சுவிட்ச் ஒண்டு காணும். மிதவைக்குள்ள ஒரு குண்டு உருளும். தண்ணி இறங்கி மிதவை தொங்கினா குண்டு சறுக்கிக் கரண்டை வெட்டிப்போடும். வயரை எவ்வளவு நீளம் விட்டுக் கட்டுறம் எண்டதில இருக்கு விசயம். கட்டையாக் கட்டி, நாலு இஞ்சி இறங்கின உடன நிக்கிற மாதிரி வையுங்கோ. 570 லீற்றர் வாழைக்குப் போகும், மிச்சம் தொட்டியில நிக்கும்.

ஆனா சுவிட்சை மட்டும் நம்பி நான் ஒருக்கா ஏமாந்தனான். மோட்டர் நிண்டாலும், கழண்ட குழாயின்ர வாய் தொட்டித் தண்ணியை விடக் கீழ கிடந்தா, தண்ணி தன்பாட்டில இழுபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதுக்குத் தொட்டித் தண்ணிக்குச் சரி மேல, குழாயில சின்ன ஓட்டை ஒண்டு போடவேணும். காத்துப் புகுந்தா இழுவை அறும். மோட்டரையும் அடியில வைக்காம ஒரு அடி உயரத்துக்குக் கல்லடுக்கி வையுங்கோ. எல்லாம் பிழைச்சாலும் பாதித் தண்ணி மிஞ்சும்.

தண்ணி குறையக் குறையத் தானா நிரப்பிற மாதிரிச் செய்வம் எண்டு ஆரும் வெளிக்கிடவேண்டாம். பிறகு எங்க ஒழுகுது எண்டே தெரியாமப் போயிடும். சோளகக் காத்துக்கு நாளுக்குக் கால் இஞ்சி வத்தினாலே பதினாறு நாளில நாலு இஞ்சி இறங்கி மோட்டர் நிண்டிடும். அப்ப ஆராவது போய் ரெண்டு வாளி ஊத்தட்டும், வாசிகசாலைப் பக்கம் ஆள் போனமாதிரியும் இருக்கும்.

சின்னண்ணை (பாரிஸ்):

தம்பி, நீர் படிச்ச ஆள், சரி. தொட்டியில அப்பாவின்ர பேர் போட்ட கல்லுக்கு முன்னால மிதவை எண்டு ஒரு பந்து தொங்கினா ஊரார் என்ன சொல்லுவினம்? வெளிநாட்டுக்காரர் கட்டின தொட்டியில கோழிக்கூட்டு வேலை எண்டு சிரிப்பினம். மற்றது, அந்தக் கல்லில அப்பாவின்ர பேரை மூண்டாவதாப் போட்டது ஆர் எண்டு எனக்குத் தெரியும். காணி ஆற்றை எண்டும் எல்லாருக்கும் தெரியும். நான் வாய் திறக்கேல்லை.

பெரியவளவு அக்கா (லண்டன்):

சின்னண்ணை, கல்லு இப்ப பாசி பிடிச்சுக் கிடக்கு, ஒருத்தற்றை பேரும் வாசிக்கேலாது. போகேக்க ஒரு தும்பு பிரஷ் கொண்டுபோங்கோ.

மாமா, ட்ரிப் சுவிட்ச் நான் காணேல்லை. பிளக் ஒரு சொப்பின் பையால சுத்திக் கட்டிக் கிடக்கு, அதுதான் மழைக்குக் காப்பாம்.

உண்மையாச் சொன்னா எனக்கு அந்த இடத்தில பழைய கற்தொட்டிதான் ஞாபகம். துலாவில ஐயா மிதிக்க, அம்மா வாளியைச் சரிக்க, மாடுகள் வரிசையா வந்து குடிக்கும். அதுக்கு ஒரு சுவிட்சும் தேவைப்படேல்லை. அதை உடைச்சுப்போட்டு, 2017 டெங்குக்குப் பிறகு நுளம்புக்கு மீன் விடுறம் எண்டுதானே இந்தத் தொட்டி வந்தது? இப்ப அடியில நிக்கிற விரல் அளவு தண்ணியில நுளம்புக் குடம்பி நெளியுது. பி.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வந்தா தலைவருக்குத்தான் முதல் கடிதம்.

சங்கக்கடை மாமா (ரொறன்ரோ):

சொப்பின் பை 8,500 ரூபாவோ? நல்லது. மிதவைச் சுவிட்ச், ட்ரிப் சுவிட்ச் ரெண்டுக்கும் காசு நான் தாறன். சங்கத்துக் கணக்கால இல்லை, என்ர கையால. கடைக்காரன்ர பில்லைப் படமெடுத்து அனுப்பினாப் பிறகு.

வடக்கு ஒழுங்கைத் தம்பி (மெல்பேர்ண்):

வாசிகசாலைப் பெடியன் சாமான் வாங்கிப்போட்டான், இப்ப வாட்ஸ்அப்பில நிக்கிறான். மூண்டு வயர் இருக்காம், எதைக் கொழுவிறது எண்டு கேக்கிறான். நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், பெட்டிக்குள்ள இருக்கிற கடதாசியைப் பார் எண்டன். ஒண்டு பொது வயர். மற்ற ரெண்டில ஒண்டு தண்ணி குறைய நிப்பாட்டும், மற்றது தண்ணி கூட நிப்பாட்டும். எங்களுக்கு வேண்டியது முதலாவது. வேண்டாத வயரின்ர நுனியை டேப் சுத்தி மூடவேணும். வயர் இணைக்கிறது எலக்ரீசியன், அவனில்லை. ட்ரிப் சுவிட்ச் பூட்டினாப் பிறகுதான் கரண்ட்.

பூட்டி முடிய, தொட்டி நிரம்பியிருக்கேக்க ஒரு தடியால மிதவையின்ர வயரைத் தூக்கிப் பிடிச்சு, மிதவையைத் தலைகீழாத் தொங்க விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கு. தொங்கேக்க மோட்டர் நிக்கவேணும். நிக்காட்டி வயர் மாறிப்போச்சு.

மாமா, பில்லும் அனுப்பியிருக்கிறான். மங்கலாக் கிடக்கு, திரும்ப எடுக்கச் சொல்லட்டோ?